தொட்டிக்குள் அக்கம்பக்கம்



பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பல வீடுகளுக்கு ஒரு புது விருந்தாளி வருவது வழக்கம். அதுதான் மீன் தொட்டி! அப்பாவையோ மாமாவையோ ஒரு வாரம் நச்சரித்து, ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்துப் போகிறீர்கள். அங்கே சுவர் முழுக்கத் தொட்டிகள். "அந்த ஆரஞ்சு ரெண்டு, அந்த வரிக்குதிரை மாதிரி இருக்கே, அது ரெண்டு, அந்த நீளத் துடுப்பு ரெண்டு..." என்று கை நீட்டுகிறீர்கள். கடைக்காரரும் சின்ன வலையால் பிடித்து, பாலிதீன் பையில் போட்டு, காற்றடைத்து, ரப்பர் பேண்டு சுற்றிக் கொடுத்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்து தொட்டியில் விட்டதும் கொண்டாட்டம்தான். நாலாம் நாள் பார்த்தால் நீளத் துடுப்பு மீனின் துடுப்பு கிழிந்து தொங்குகிறது. ஆறாம் நாள் ஒன்று மூலையில் பதுங்கி, சாப்பிடவே வருவதில்லை. பத்தாம் நாள் தொட்டி முழுவதும் ஒரே ஒரு மீன், ராஜா மாதிரி உலா வருகிறது!

உடனே என்ன சொல்கிறோம்? "தண்ணி சரியில்லை." "கடைக்காரர் ஏமாத்திட்டார்." அப்படியும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. ஒன்றாக வாழவே முடியாதவர்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிட்டோம். இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதைச் சொல்லித் தர நம்ம ஊர்க்காரர் ஒருவரையே அழைத்து வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு குடும்பத்தை அறிமுகப்படுத்துகிறேன். 'சிக்லிட்' என்று ஒரு மீன் குடும்பம். பெயர் புதிதாக இருக்கலாம், ஆட்கள் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான். கடையில் பட்டம் போல மிதக்கிறதே ஏஞ்சல், அது சிக்லிட். முட்டைக்கண் ஆஸ்கர், நெற்றி வீங்கிய ஃபிளவர் ஹார்ன் இரண்டும் சிக்லிட். அவ்வளவு ஏன், அம்மா குழம்பு வைக்கும் ஜிலேபி கெண்டையும் சிக்லிட்டே! உலகில் 1,700-க்கும் மேற்பட்ட வகைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்காவிலும்தான் இவை அதிகம். இந்தியாவைச் சொந்த ஊராகக் கொண்டவை மூன்றே மூன்று.

அந்த மூன்றில் ஒன்று கர்நாடகத்துக்காரர். மற்ற இரண்டும் நம் கடற்கரை உப்பங்கழிகளுக்கு உரியவை. பெரியது, கேரளத்தில் 'கரிமீன்' என்று பெயர் பெற்றது. 2010-ல் அந்த மாநிலத்தின் மீனாகவே அதை அறிவித்துவிட்டார்கள். நம் பக்கம் சேத்துக்கெண்டை என்பார்கள். பச்சை கலந்த சாம்பல் உடம்பில் முத்து சிதறியது போலப் புள்ளிகள். இதை ஆங்கிலேயர்கள் பச்சைக் குரோமைடு என்று அழைத்தார்கள்.

சிறியதுதான் இன்று நம் விருந்தாளி. ஆரஞ்சு குரோமைடு. பழைய மீன் நூல்களில் இதன் தமிழ்ப் பெயர் 'செல்லாக்காசு' என்று பதிவாகியிருக்கிறது. தட்டையாக, வட்டமாக, நாணயம் போல இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் சாதாரணமாக எட்டு சென்டிமீட்டர்தான். சந்தையில் எடை போட்டு விற்க லாயக்கில்லாத அளவு. அதனால்தான் அந்தப் பெயரோ என்னவோ! பொன் மஞ்சள் உடம்பில் வரிசையாய்ச் சிவப்புப் புள்ளிகள், விலாவில் ஒரு கருப்புப் பொட்டு, அடிவயிற்றில் மை தொட்டு வைத்தது போல இரண்டு கறுத்த துடுப்புகள். அந்தக் கறுப்புத் துடுப்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

பெர்லினில் டாக்டராக இருந்த மார்க்கஸ் பிளாக் என்பவர் 1795-லேயே இந்த மீனுக்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அதாவது, நம் தாத்தாவின் தாத்தா பிறப்பதற்கு முன்பே ஜெர்மனியில் இதன் படம் அச்சாகிவிட்டது. நாம்தான் இன்னமும் கடையில் வெளிநாட்டு மீன் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் நீங்கள் ஈ.சி.ஆர். சாலையில் மாமல்லபுரம் போயிருப்பீர்கள். வழியில் கோவளத்துக்கு முன்னால் முட்டுக்காடு படகுக் குழாம். அங்கே ஒரு நிமிடம் நின்று தண்ணீரைப் பாருங்கள். அது கடலும் இல்லை, ஏரியும் இல்லை. கோடையில் அலைகள் மணலைக் குவித்துக் கடல்வாயை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெள்ளம் வந்து அதை உடைக்கும். அதனால் அந்தத் தண்ணீரின் உப்பு மாதத்துக்கு மாதம் மாறும். அப்படியே தெற்கே போனால் மாமல்லபுரத்தை ஒட்டிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய், கல்பாக்கத்தை அடுத்த எடையூர், சதுரங்கப்பட்டினம் கழிகள், பாலாறு கடலில் சேரும் முகத்துவாரம் என்று வரிசையாக இதே கதைதான். உப்பு கூடினாலும் குறைந்தாலும் தாங்கிக்கொள்ளும் மீன்களுக்கு ஏற்ற இடங்கள் இவை. செல்லாக்காசு அப்படிப்பட்ட மீன்.

முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுப் பண்ணையும் இருக்கிறது. 1987-ல் தொடங்கிய நிறுவனம் அது. கரிமீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் வழிகளை அங்கே ஆராய்ந்து வருகிறார்கள்.

சரி, இந்த இரண்டு குரோமைடுகளும் ஒரே கழியில் எப்படி வாழ்கின்றன? இங்கேதான் சுவாரசியம். 1970-களில் விஞ்ஞானிகள் இலங்கையின் கழிகளிலும் ஆய்வுக்கூடத் தொட்டிகளிலும் இவற்றை உட்கார்ந்து கவனித்தார்கள். பச்சைக் குரோமைடின் துடுப்பிலும் உடலிலும் ஒட்டுண்ணியோ பூஞ்சையோ பிடித்தால், சின்ன ஆரஞ்சு குரோமைடுகள் வந்து அதைக் கொத்தி எடுத்துச் சுத்தம் செய்கின்றன. முடிதிருத்தும் கடையில் நாம் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்போமே, அதே போலப் பெரிய மீன் பேசாமல் நின்று உடம்பைக் காட்டுமாம். எவ்வளவு நல்ல பக்கத்து வீட்டுக்காரர்!

அவசரப்படாதீர்கள். அதே ஆரஞ்சு குரோமைடு, பச்சைக் குரோமைடு முட்டையிட்டுக் காவல் காக்கும்போது, கண் அசந்த நேரம் பார்த்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும்! மருத்துவரும் அவரே, திருடரும் அவரே. பச்சைக் குரோமைடு என்ன செய்யும்? முட்டையிடும் காலத்தில் மட்டும் விரட்டோ விரட்டென்று விரட்டும். விரட்டப்பட்டது ஓடிப்போய் நாணலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஓட இடம் இருக்கிறது. கழி பெரிது.

இப்போது அதே இருவரையும் உங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் தொட்டிக்குள் வையுங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கணக்குப் போட்டால் சுமார் 56 லிட்டர். நாலு பிளாஸ்டிக் குடம்கூட முழுதாக நிறையாது. அதிலும் கூழாங்கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் இன்னும் குறைவு. துரத்தப்படும் மீன் ஒரு விநாடியில் கண்ணாடியில் போய் முட்டிக்கொள்ளும். துரத்தும் மீனுக்கோ, "இவன் இன்னும் என் கண்ணெதிரிலேயே நிற்கிறானே!" என்று கோபம் தீருவதே இல்லை. கழியில் அரை நிமிடத்தில் முடியும் சண்டை, தொட்டியில் ராத்திரி பகலாக நடக்கும். மீன் சாவது கடியால் மட்டும் இல்லை. ஓயாத பயத்தாலும், சாப்பிட முடியாமலும் மெலிந்து நோய் பிடித்தும் சாகிறது.

மூர்க்கம் என்று இந்தக் குடும்பத்தைத் திட்டுகிறார்களே, அதன் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சிக்லிட்டுகள் அருமையான அப்பா அம்மாக்கள். பல மீன்கள் முட்டையைத் தண்ணீரில் தூவிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். செல்லாக்காசு அப்படி இல்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கல்லையோ ஓட்டையோ வாயாலேயே துப்புரவாக்கும். பெண் அதில் ஏறத்தாழ 200 முட்டைகளை ஒட்டி வைக்கும். இருவரும் மாறி மாறித் துடுப்பால் விசிறி நல்ல தண்ணீர் பாய்ச்சுவார்கள். கெட்டுப்போன முட்டையை எடுத்துவிடுவார்கள். குஞ்சு பொரிந்ததும் மணலில் சிறு குழி தோண்டி அதில் கொண்டுபோய் விடுவார்கள்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும்தான் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. எல்லா மீன்களின் உடம்பிலும் வழுவழுப்பான ஒரு பசை இருக்கும் அல்லவா? செல்லாக்காசுக் குஞ்சுகள் அப்பா அம்மாவின் விலாவில் மொய்த்து அந்தப் பசையைக் கொத்திச் சாப்பிடும். பசுவிடம் கன்று முட்டிக் குடிப்பது போல! ஏதாவது ஆபத்து தெரிந்தால் பெற்றோர் அந்த மை தொட்ட அடித்துடுப்புகளைப் படபடவென்று அடித்துக் காட்டும். குஞ்சுகள் கூட்டமாகப் பக்கத்தில் ஓடி வந்துவிடும். குரல் இல்லாத ஒரு பிராணி தன் பிள்ளைகளைக் கூப்பிடும் முறை இது.

இப்படிப் பிள்ளை வளர்ப்பவர்கள் பக்கத்தில் யார் வந்தாலும் சும்மா விடுவார்களா? அவர்கள் கண்ணுக்கு உங்கள் அழகான ஏஞ்சல், குழந்தை பிடிக்கும் பூச்சாண்டி! எனவே சிக்லிட் வளர்க்க ஆசைப்பட்டால், அது அமைதியாக இருக்கும் நாளை வைத்து அக்கம்பக்கத்தை முடிவு செய்யாதீர்கள். முட்டையிடும் நாளை வைத்து முடிவு செய்யுங்கள்.

துணை மீன் வாங்கும்முன் நான் முதலில் பார்க்கச் சொல்வது நிறத்தையும் விலையையும் இல்லை, தண்ணீரை. செங்கல்பட்டுப் பக்கம் பல வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாளியிலும் குழாயிலும் வெள்ளை வெள்ளையாய்ப் படிகிறதா? அப்படியானால் அது கடினநீர். செல்லாக்காசுக்கு அது பிடிக்கும். ஆனால் கடையில் 'ராம்' என்று ஒரு குட்டி சிக்லிட் விற்பார்களே, நீலமும் மஞ்சளுமாய், விரல் நீளம்கூட இருக்காது. அது தென் அமெரிக்காவில் ஓரினோகோ ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. மழைநீர் போன்ற மென்மையான தண்ணீரில் பழகியது. ஏஞ்சலின் முன்னோர்கள் அமேசான்காரர்கள். செல்லாக்காசும் ராமும் சண்டையே போடாவிட்டாலும், ஒருவருக்குப் பிடித்த தண்ணீர் மற்றவருக்குப் பிடிக்காது. ஒருவர் எப்போதும் அரைகுறை உடல்நலத்தோடுதான் இருப்பார்.

வரிக்குதிரை போல இருக்கும் கான்விக்ட் சிக்லிட்டும் சின்ன மீன்தான், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. தண்ணீர் விஷயத்தில் பிரச்சினை செய்யாது. ஆனால் முட்டையிட்டுவிட்டால் தொட்டி மொத்தமும் தனது என்று பட்டா போட்டுவிடும். ஒரு ஜோடி கான்விக்ட் வேண்டுமா? தாராளமாக வளருங்கள், தனியாக. ஆஸ்கரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடையில் தீப்பெட்டி அளவு இருக்கும். வளர்ந்தால் ஓரடி! வாய்க்குள் நுழையும் எதையும் அது துணை என்று நினைக்காது, சாப்பாடு என்றுதான் நினைக்கும். தங்கமீன் மெதுவாக நீந்தும், தண்ணீரை அதிகம் அழுக்காக்கும். அதை சிக்லிட்டோடு விடுவது பாவம். கப்பியின் விசிறி வால் குரோமைடைக் கொத்தச் சொல்லித் தூண்டும். அதன் குட்டிகள் அன்றைய டிபன்.

அப்படியானால் செல்லாக்காசுக்கு யார்தான் சரிப்பட்டு வருவார்கள்? இரண்டடித் தொட்டி என்றால் என் யோசனை, ஒரே ஒரு ஜோடி செல்லாக்காசு, கூடவே நாலைந்து மோலி. போதும். மோலிகள் கடினநீரையும் கொஞ்சம் உப்பையும் தாங்கும். சுறுசுறுப்பாக மேல்பகுதியில் நீந்தும். குரோமைடு பெரும்பாலும் நடுவிலும் அடியிலும் இருக்கும். வீட்டில் மாடியும் கீழ்த்தளமும் தனித்தனிக் குடித்தனம் இருப்பது போல! மோலி குட்டி போட்டால் பெரும்பாலும் குரோமைடு தின்றுவிடும், அதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். மூன்றடித் தொட்டி வாங்கும் வசதி இருந்தால் ஐந்தாறு இளம் செல்லாக்காசுகளாக வாங்கி விடலாம். முட்டையிடாத காலத்தில் கூட்டமாகத் திரிவது இதன் பழக்கம். எந்த இரண்டு ஜோடி சேர்கின்றன என்று கவனித்து, மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மூன்று மட்டும் வாங்காதீர்கள். இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதைப் படுத்தி எடுத்துவிடும். பள்ளிக்கூட பெஞ்சில் நீங்கள் பார்க்காததா?

தொட்டிக்குள் மறைவிடம் அவசியம். விலை கொடுத்து பிளாஸ்டிக் கோட்டையும் பொம்மை முதலையும் வாங்க வேண்டாம். நன்றாகக் கழுவிய உடைந்த மண்சட்டி, ஓடு, நாலைந்து பெரிய கற்கள் போதும். ஒரு மூலையில் இருக்கும் மீனுக்கு எதிர் மூலையில் இருக்கும் மீன் தெரியக்கூடாது, அப்படி அடுக்குங்கள். கண்ணில் படாதவரைக் கோபமும் வராது. கற்களை மணல் மேல் வைக்காமல் அடிக்கண்ணாடிக்கு நெருக்கமாக உறுதியாக வையுங்கள். குரோமைடு குழி தோண்டும் என்று சொன்னேனே, சரிந்து விழுந்துவிடும்.

தொட்டி வாங்கிய அன்றே மீன் வாங்காதீர்கள். இது உங்களுக்குக் கஷ்டம்தான், தெரியும்! ஆனால் காரணத்தைக் கேளுங்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் கண்ணுக்குத் தெரியாத துப்புரவுப் பணியாளர்கள் வந்து சேர நாலைந்து வாரம் ஆகும். ஏற்கெனவே மீன் வளர்க்கும் நண்பரிடம் அவர் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய பஞ்சு வாங்கிப் போட்டால் சீக்கிரம் வருவார்கள். முதலில் இரண்டு மோலி விடுங்கள். அவை நன்றாக இருந்தால் பிறகு மற்றவை. ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவாதீர்கள். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றினால் போதும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து ஊற்றுங்கள். குளோரின் வாசனை போகாவிட்டால் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தைப் பயன்படுத்துங்கள்.

உப்புப் போட வேண்டுமா என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினநீராக இருந்தால் கட்டாயம் இல்லை. போடுவதாக இருந்தால், ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. செல்லாக்காசுக்கு லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து கிராம் தாராளம். சமையலறை அயோடின் உப்பு வேண்டாம், மீன் கடையில் கிடைக்கும் கடல் உப்புக் கலவையை வாங்குங்கள். ஒன்று மட்டும் கவனம். தொட்டித் தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்தால், ஈடுகட்ட நல்ல தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அங்கேயே தங்கிவிடும். கேளம்பாக்கம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உப்பு போட்டுவிட்டால் பெரும்பாலான செடிகள் அழுகும். நாடா போல நீளும் வாலிஸ்னேரியா ஓரளவு தாங்கும்.

கரண்ட் போனால்? நம் ஊரில் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா! ஏர் பம்ப் நின்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால், ஒரு சுத்தமான மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுங்கள். காற்று கலக்கும். கரண்ட் வரும்வரை தீனி போடாதீர்கள். மற்ற நாட்களிலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். பாட்டி ஒரு முறை, அண்ணன் ஒரு முறை, நீங்கள் ஒரு முறை என்று போட்டால் அது அன்பு இல்லை, அம்மோனியா!

கடைகளில் இரண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். கண்ணாடி மீன் என்று ஒன்று உண்டு. நம் ஏரி, குளங்களிலும் இருக்கும் சின்ன மீன். உடம்பு ஊடுருவித் தெரியும், எலும்புகூட எண்ணலாம். அதன் முதுகில் பச்சை, இளஞ்சிவப்பு, ஊதா என்று மின்னும் கோடு இருந்தால் அது பிறவி நிறம் இல்லை. ஊசியால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சில வாரங்களில் சாயம் மங்கிவிடும், அதற்குள் பல மீன்கள் செத்தும் போகும். நாம் வாங்காவிட்டால் யாரும் ஊசி போட மாட்டார்கள். இரண்டாவது, 'டேங்க் கிளீனர்'. கருப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டிருக்கும். "இதை விட்டா தொட்டியே கழுவ வேண்டாம்" என்பார்கள். அது பாசியைத் தின்னும், மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானும் நிறையக் கழிவு போடும். விரல் நீளத்தில் வாங்கும் அது ஓரடிக்கு மேல் வளரும்.

வளர்ந்த பிறகு என்ன நடக்கிறது? நான் இன்றைக்கு இவ்வளவு நேரம் பேசியதே இதற்காகத்தான். தொட்டியில் இடம் போதவில்லை, அல்லது எல்லோரையும் கடிக்கிறது. கொல்ல மனம் வரவில்லை. "பாவம், சுதந்திரமா இருக்கட்டும்" என்று ஒரு வாளியில் எடுத்துப் போய் ஏரியில் விட்டுவிடுகிறார்கள். சென்னையிலிருந்து ரயிலில் வந்தால் செங்கல்பட்டு நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே விரிகிறதே கொளவாய் ஏரி, அது எவ்வளவு பெரிது! ஒரு மீனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றும்.

ஜிலேபியைக் கேளுங்கள், சொல்லும். அதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மொசாம்பிக் திலேப்பியா என்பது முழுப்பெயர். சீக்கிரம் வளரும், ஏழைகளுக்கு மலிவாக மீன் கிடைக்கும் என்ற நல்ல எண்ணத்தோடுதான் 1952-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். பிறந்து சில மாதங்களிலேயே தானும் இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் இரண்டிலும் வாழும். விளைவு? குளங்கள் நிறைய உள்ளங்கை அளவு ஜிலேபிகள், மற்ற மீன்களுக்கு இரையும் இல்லை, முட்டையிட இடமும் இல்லை. ஏழே ஆண்டுகளில், 1959-ல், இதை மேலும் பரப்பக்கூடாது என்று தடை போட வேண்டி வந்தது. அதற்குள் அது நாடெங்கும் வாய்க்கால் வழியாகவும் வெள்ளத்தோடும் பரவிவிட்டது. இன்று கழிமுகங்களில் செல்லாக்காசுக்கு அதுவும் பக்கத்து வீட்டுக்காரர். குழம்புக்கு ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டின் குளங்களுக்கெல்லாம் துணை மீன் தேர்ந்தெடுப்பது இப்படியா?

டேங்க் கிளீனரும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. தென் அமெரிக்க மீனான அது தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகியிருக்கிறது. உடம்பெல்லாம் எலும்புக் கவசம். முள் துடுப்பு மீனவர்களின் வலையைக் கிழிக்கும். கரையில் வளை தோண்டும். தண்ணீர் குறைந்தால் காற்றை விழுங்கிக்கூட உயிர் பிழைக்கும். விலை கொடுத்து வாங்க ஆள் இல்லை. அதை ஏரியில் விட்டவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல மீன் மேல் ஆசை வைத்தவர்கள்தான்.

ஆகவே, தொட்டி மீனை ஏரியிலோ கிணற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள். உயிரோடு கழிப்பறையில் கொட்டவும் கூடாது. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். பணம் தராவிட்டாலும் பல கடைக்காரர்கள் மீனை வாங்கிக்கொள்வார்கள். பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்குக் கொடுங்கள். எதை வாங்கினாலும், "இது எவ்வளவு நீளம் வளரும்?" என்று வாங்கும்முன் கேளுங்கள். பதில் உங்கள் தொட்டியின் அகலத்தைவிட அதிகமானால் அந்த மீனை அங்கேயே விட்டு வாருங்கள். நம் கழி மீனான செல்லாக்காசையும் கடையில், வளர்ப்பு மீனாகக் கேட்டு வாங்குங்கள். துண்டை எடுத்துக்கொண்டு முட்டுக்காட்டிலோ பாலாற்றிலோ தனியாக இறங்கிவிடாதீர்கள்! சேறும் சுழலும் உள்ள இடங்கள் அவை. தொட்டியில் வளர்ந்த செல்லாக்காசையும் திரும்பக் கழியில் விட வேண்டாம். கூடவே கடை மீன்களின் நோயும் போய்விடும்.

உங்களில் யார் வீட்டிலாவது செல்லாக்காசு ஜோடி முட்டையிட்டால் ஒரு வேலை தருகிறேன். மோலிகளை முன்பே தயாராக வைத்த ஒரு டப்புக்கு மாற்றிவிடுங்கள். தினமும் பத்து நிமிடம் தொட்டிக்கு முன்னால் அசையாமல் உட்காருங்கள். முட்டை எத்தனையாம் நாள் பொரிந்தது, குழியை எந்த மூலையில் தோண்டின, அப்பா எத்தனை முறை விசிறியது, அம்மா எத்தனை முறை, அந்தக் கறுப்புத் துடுப்பு முதன்முதலாகப் படபடத்தது என்றைக்கு, அப்போது தொட்டிக்கு வெளியே யார் நடந்து போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்களுக்கும் அனுப்பி வையுங்கள். பெயர், வகுப்பு, ஊர் மறக்காமல் எழுத வேண்டும்.